வீட்டு மரப்பட்டறை: போர்டிகோவா, மொட்டை மாடியா, பின்பக்கக் கொட்டகையா?

வீட்டில் மரவேலைப் பட்டறை வைக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மெஷின் பட்டியலில் இருந்துதான் தொடங்குகிறார்கள். எந்த டேபிள் சா (மேசையில் பதித்த அறுவை மெஷின்) வாங்குவது, மரத்தில் காடி வெட்டும் ரவுட்டர் இப்போதே வேண்டுமா, பேட்டரி டிரில் நல்லதா, ஒயர் டிரில் நல்லதா என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் அவற்றுக்கு முன்னால் வேறு ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். மரம் எந்த வழியாக உள்ளே வரும், எங்கே அறுபடும், அந்தத் தூள் எங்கே போகும், செய்து முடித்த அலமாரி எந்த வாசல் வழியாக வெளியேறும்? இந்த வழி பிடிபட்டுவிட்டால் மெஷின்களை எங்கே வைப்பது என்பது தானாகவே முடிவாகிவிடும். பட்டியலில் உள்ள பாதி மெஷின்கள் இப்போதைக்குத் தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்துச் சொந்த வீடுகளில் இதற்குக் கிடைக்கக்கூடிய இடங்கள் மூன்று: முன்பக்கப் போர்டிகோ, மொட்டை மாடியில் போடும் தகர ஷெட், வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பழைய மாட்டுக் கொட்டகை அல்லது காலி இடம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொட்டகை இருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். இல்லையென்றால் போர்டிகோ. மாடியை வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய டேபிள் சாவுக்குப் பதிலாக, கையில் பிடித்து ஓட்டும் ஒரு சர்க்குலர் சாவும் அதை நேராக ஓட்ட நீங்களே செய்த கைடு பலகையும் போதும். வேலை மேசை அசையாமல் நிற்கட்டும், மெஷின்கள் சக்கரத்தில் ஓடட்டும். இனி காரணங்களைச் சொல்கிறேன்.

இடம்

எல்லாவற்றையும் முடிவு செய்யும் அளவுகோல் 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஷீட். கட்டில், அலமாரி, சமையலறைக் கப்போர்டு என்று எதைச் செய்தாலும் அது வீட்டுக்குள் வந்தாக வேண்டும். 18 மில்லிமீட்டர் ஷீட் ஒன்று ஏறக்குறைய 30 முதல் 37 கிலோ எடை இருக்கும். இரண்டு பேர் தூக்கினால் பிரச்சினை இல்லை. ஒருவர் தனியாகத் தூக்கினால் எடையைவிட அகலம்தான் சிரமம் கொடுக்கும்.

போர்டிகோவின் பெரிய வசதி இங்கேதான் தெரிகிறது. டெம்போவில் இருந்து இறக்கிய ஷீட்டை நேராகக் கொண்டுவந்து சாய்த்து வைக்கலாம். இரண்டு மூன்று பக்கம் திறந்திருப்பதால் வெளிச்சமும் காற்றும் தாராளமாக இருக்கும். குறைகளும் உண்டு. மழைநீர் தெருப்பக்கம் வடியட்டும் என்று போர்டிகோ தரையைச் சற்றுச் சரிவாகத்தான் போடுவார்கள். சக்கரம் வைத்த மெஷின் மெல்ல கேட்டை நோக்கி நகரப் பார்க்கும், மேசையும் மட்டமாக நிற்காது. கீழ்ப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆப்பு வைத்து மட்டம் பார்த்துக்கொள்ள வேண்டும். தரையில் வழவழப்பான டைல்ஸ் என்றால், அதன்மேல் மரத்தூள் விழுந்ததும் கால் வழுக்கும். மெஷின் ஓடும்போது கால் வழுக்குவதைவிட மோசமான விஷயம் பட்டறையில் இல்லை. அப்புறம் தினமும் இரவு எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். தூள் ஜன்னல் வழியாக ஹாலுக்குள் போகும், எதிர்வீட்டுத் துணிக்கொடி வரைக்கும் போகும். இதையெல்லாம் சமாளிக்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்பவருக்குப் போர்டிகோ நியாயமான இடம்தான்.

மொட்டை மாடியைப் பலர் ஆசையோடு சொல்கிறார்கள். பூட்டி வைக்கலாம், தூள் வீட்டுக்குள் வராது என்பார்கள். ஆனால் ஷீட் மேலே ஏறியாக வேண்டுமே. நம் வீட்டு மாடிப்படிகள் பாதியில் திரும்புபவை. அந்தத் திருப்பத்தில் 8 அடி ஷீட்டைத் திருப்ப முடியாமல், கடைசியில் கயிறு கட்டி வெளிப்பக்கமாக இழுப்பதுதான் நடக்கும். ஆடி மாதத்தில் அதைச் செய்யவே கூடாது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சும்மா சொல்லவில்லை, 32 சதுர அடி பலகை கையில் இருக்கும்போது அந்தக் காற்று ஆளையும் சேர்த்து இழுக்கும்.

எடைக் கணக்கும் இருக்கிறது. ஆள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதியான ஐஎஸ் 875 எடுத்துக்கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. 20 ஷீட்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கப் போட்டால் 3 சதுர மீட்டருக்குள் 600 கிலோவைத் தாண்டிவிடும். அது சதுர மீட்டருக்கு 200 கிலோவுக்கு மேல். மெஷின்களைத் தளம் தாங்கும், மர அடுக்கை அங்கே சேர்க்காதீர்கள். இதோடு வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சித்திரையில் தர்மபுரியில் தகர ஷெட்டுக்குள் நின்று ஒரு கோடு ஒழுங்காகப் போட முடியாது. பசையும் நீங்கள் இணைப்பதற்குள் காய்ந்துவிடும்.

கொட்டகைக்கு வருவோம். கிராமத்து வீடுகளில் மாடுகளை விற்ற பிறகு கல்தூணும் ஓட்டுக் கூரையுமாக ஒரு கொட்டகை சும்மா நிற்பது இந்த இரண்டு மாவட்டத்திலும் சகஜம். பட்டறைக்கு இதைவிட நல்ல இடம் கட்டினாலும் கிடைக்காது. ஓட்டுக் கூரை தகரத்தைப்போலக் கொதிக்காது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழிப் பனியில் தகரத்தின் அடிப்பக்கம் நீர் கோத்து மெஷின்மேல் சொட்டும். ஓட்டில் அந்தத் தொல்லையும் குறைவு.

செய்ய வேண்டிய வேலை தரையில்தான். மண் தரையாக விட்டால் சக்கரம் ஓடாது, கீழே விழுந்த ஸ்க்ரூ கிடைக்காது, கரையான் வரும். முழுவதும் கான்கிரீட் போட வசதி இல்லையென்றால் நடுவில் 12 அடிக்கு 10 அடி மட்டும் போடுங்கள். வேலை நடக்கும் இடம் அவ்வளவுதான். வீட்டின் பக்கவாட்டுச் சந்து 3 அடிதான் இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், ஷீட்டை நிறுத்திப் பிடித்துக்கொண்டு போகலாம். சந்து முடிகிற மூலையில் திரும்ப முடிகிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே அளந்து பாருங்கள். மெஷின் வாங்குவதற்கு முன்பே ஒரு ஷீட்டைக் கொண்டுவந்து நடுவில் போட்டு, நான்கு பக்கமும் இடிக்காமல் சுற்றி நடக்க முடிகிறதா என்று பார்ப்பதும் நல்லது.

டேபிள் சாவா, சர்க்குலர் சாவும் கைடு பலகையுமா?

பணமும் இடமும் பெரிதாகச் செலவாகும் முடிவு இதுதான்.

டேபிள் சாவில் பிளேடு நிற்கும், மரம் நகரும். 8 அடி ஷீட்டை நீளவாக்கில் அறுக்கத் தொடங்கும்போது 8 அடியும் பிளேடுக்கு இந்தப் பக்கம் இருக்கும், முடியும்போது 8 அடியும் அந்தப் பக்கம் போயிருக்கும். ஆக மெஷினோடு சேர்த்து 18 அடி நீளம் காலியாக இருக்க வேண்டும். நம் போர்டிகோக்கள் பலவற்றில் அவ்வளவு நீளம் கிடையாது. சர்க்குலர் சாவில் கதை தலைகீழ். மரம் படுத்திருக்கும், மெஷின் அதன்மேல் நகரும். ஷீட்டும் சுற்றிலும் 2 அடி நடைபாதையும் போதும், அதாவது 12 அடிக்கு 8 அடி. கனமான ஷீட்டைத் தள்ளும் வேலையும் இல்லை. மூன்று ரீப்பர் கட்டைகளைத் தரையில் போட்டு, அதன்மேல் ஷீட்டைப் படுக்க வைத்து, பிளேடு ஆழத்தை ஷீட்டின் கனத்தைவிட (கைடு பலகை வைத்தால் அதன் அடிப்பலகைக் கனத்தையும் சேர்த்து) 3 மில்லிமீட்டர் மட்டும் கூடுதலாக வைத்து அறுக்கலாம்.

கையில் பிடித்து அறுத்தால் கோடு நேராக வராதே என்பார்கள். அதற்குத்தான் கைடு பலகை. 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 8 அடி நீளம், ஒன்றேகால் அடி அகலத்தில் ஒரு துண்டு எடுங்கள். அதன்மேல் 12 மில்லிமீட்டர் பிளைவுட்டில் 3 இன்ச் அகலப் பட்டை ஒன்றைப் பசை வைத்து ஒட்டுங்கள். அந்தப் பட்டையின் ஒரு ஓரம் கம்பெனியில் இருந்து வந்த அறுப்பாக இருக்க வேண்டும், அதுதான் நேர்கோடு. பசை காய்ந்ததும் சர்க்குலர் சாவின் அடித்தகட்டை அந்த ஓரத்தோடு ஒட்டி ஒருமுறை ஓட்டுங்கள். கீழே உள்ள 6 மில்லிமீட்டர் பலகையில் மிச்சமாக நீண்டிருப்பது வெட்டுப்பட்டு விழும். மீதி நிற்கும் ஓரம் உங்கள் பிளேடு போகும் கோடேதான். இனி ஷீட்டில் பென்சில் கோடு போட்டு, கைடின் ஓரத்தை அந்தக் கோட்டில் வைத்து, இரண்டு முனையிலும் கிளாம்ப் பிடித்து ஓட்ட வேண்டியதுதான். ஒவ்வொரு முறையும் அளந்து ஒதுக்கிக் கணக்குப் போட வேண்டாம். கைடின் ஓரம் ஷீட்டை அழுத்திப் பிடித்துக்கொள்வதால் அந்தப் பக்கம் மைக்காவும் சிலும்பாது. சர்க்குலர் சாவின் பல் கீழிருந்து மேலே வெட்டும் என்பதால் நல்ல முகத்தைக் கீழே பார்த்து வைக்க வேண்டும் என்பது பொது விதி. கைடு வைத்தாலும் அதைக் கடைப்பிடிப்பது நல்லது. டேபிள் சாவில் இது நேர்மாறு, நல்ல முகம் மேலே.

பிளேடில் கஞ்சத்தனம் வேண்டாம். மெஷினோடு வரும் 24 பல் பிளேடு நீளவாக்கில் சட்டம் பிளக்கத்தான் சரி. 7 இன்ச் சாவில் பிளைவுட்டுக்கு 40 பல்லாவது வேண்டும், மைக்கா ஒட்டியதற்கு 60. ஒரே மெஷினில் பிளேடை மாற்றியதும் வெட்டின் தரம் மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம்.

அப்படியானால் டேபிள் சா யாருக்கு? ஒரே அகலத்தில் முப்பது நாற்பது சட்டங்கள் பிளப்பவருக்கு. ஜன்னல், கதவு, நாற்காலி என்று கட்டை மரத்தில் வேலை செய்பவருக்கு அதன் வேகமும் ஒரே மாதிரியான அளவும் வேறு எதிலும் வராது. அப்படி வாங்கினால் பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ரிவிங் நைஃப் என்ற தகடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அறுபட்ட மரம் மூடிக்கொண்டு பிளேடின் பின்பல்லைக் கவ்வினால் மரம் உங்கள் வயிற்றை நோக்கி எகிறி வரும். அந்தத் தகடு அதைத் தடுக்கத்தான் இருக்கிறது. தள்ளுகட்டை எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் தொங்க வேண்டும்.

இன்னொரு வழியும் நம் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது. 4 இன்ச் மார்பிள் கட்டரில் மர பிளேடு மாட்டி, ஒரு பலகைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தி டேபிள் சா ஆக்கிவிடுவது. சைட்டில் ஆசாரிகள் அதில் வேகமாக வேலை செய்வதைப் பார்த்திருப்பீர்கள். செலவு மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் அந்த மெஷின் நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு மேல் ஓடும், மரத்துக்கான 7 இன்ச் சா சுமார் 5,000 சுற்றுதான். மூடி இல்லை, பின்தகடு இல்லை, ஸ்விட்ச் பலகைக்கு அடியில் இருக்கிறது. வெட்டும் ஆழமும் 34 மில்லிமீட்டருக்குள்தான். பல வருடக் கைப்பழக்கம் உள்ளவர்கள் அதில் வேலை செய்வதை வைத்து, வீட்டில் வாரம் ஒருமுறை மெஷின் தொடுபவர் அதைச் செய்யக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே கிடையாது. ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டுவதற்கும் இதே பதில்தான்.

பலகையை ஒரே கனத்துக்கு இழைக்கும் திக்னஸ் பிளேனரைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டு வருடத்துக்கு அது வேண்டாம். அறுவை மில்லில் பலகை வாங்கும்போதே நான்கு பக்கமும் இழைத்துக் கேட்டால் கூலிக்கு இழைத்துக் கொடுப்பார்கள். கையளவு மெஷின் பிளேனரும் ஒரு நல்ல இழைப்புளியும் வீட்டில் இருந்தால் மீதியைப் பார்த்துக்கொள்ளலாம்.

நிலையாகவா, சக்கரத்திலா?

ஒவ்வொரு மெஷினுக்கும் சுவரோரம் தனி இடம் ஒதுக்கி நிரந்தரமாக வைப்பது ஒரு முறை. எல்லாவற்றையும் சக்கர வண்டியில் ஏற்றி, தேவைப்படும்போது நடுவில் இழுத்துக்கொள்வது இன்னொரு முறை. முதல் முறையில் மெஷினைப் போட்டதும் வேலை தொடங்கிவிடும். ஆனால் சட்டங்களைக் குறுக்கே வெட்டும் மைட்டர் சாவை எடுத்துக்கொள்ளுங்கள். 8 அடி சட்டத்தின் எந்த இடத்திலும் வெட்ட வேண்டுமென்றால் இடது பக்கமும் வலது பக்கமும் 8 அடி வேண்டும். ஒரு சுவர் முழுவதையும் அது விழுங்கிவிடும். இடம் குறைந்த வீட்டில் அதே 8 அடியை மைட்டர் சாவும் மேசையும் டிரில் ஸ்டாண்டும் பங்கு போட்டுக்கொண்டே ஆக வேண்டும். சக்கரம்தான் அதற்கு வழி.

ஆனால் எல்லாவற்றுக்கும் சக்கரம் வைப்பதும் சரியில்லை. இழைப்புளி தள்ளும்போது மேசை ஓடக் கூடாது. பிரேக் போட்ட சக்கரம்கூட லேசாக ஆடும், அந்த ஆட்டம் உளி வேலையில் அப்படியே தெரியும். அதனால் வேலை மேசை கனமாக, தரையில் காலூன்றி நிற்கட்டும். கிருஷ்ணகிரியில் எந்த வெல்டிங் பட்டறையில் கேட்டாலும் இரும்பு ஆங்கிளில் கால் அடித்துக் கொடுப்பார்கள். மேலே இரண்டு அடுக்கு 18 மில்லிமீட்டர் பிளைவுட் ஒட்டினால் போதும். அடியில் ஒரு தட்டு வைத்து உடைந்த கிரானைட் பலகைகளை அடுக்கினால் மேசை அசையவே அசையாது.

உயர விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். டேபிள் சா, ரவுட்டர் மேசை, மைட்டர் சாவின் தட்டு எல்லாம் ஒரே உயரத்தில் இருந்தால், ஒன்றில் அறுக்கும் மரத்துக்கு மற்றொன்று தாங்கியாகிவிடும். டேபிள் சாவின் மறுபக்கத்தில் வரும் மேசை மட்டும் 3 மில்லிமீட்டர் தாழ்வாக இருக்கட்டும், மரத்தின் முனை முட்டாமல் ஏறும். ஒரு பலகையின் இரண்டு முகத்திலும் இரண்டு மெஷினைப் பொருத்திப் புரட்டிப் போடும் வண்டி ஒன்றைப் பலர் செய்கிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். எடை சமமாக இல்லாவிட்டால் புரட்டும்போது விரலை நசுக்கிவிடும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் அதன் பக்கமே போக வேண்டாம்.

சாமான்களை வைக்க, துளைபோட்ட பலகையில் மாட்டுவது, சாய்வாகச் சீவிய ரீப்பரைச் சுவரில் அடித்து அதில் தொங்கவிடுவது, பழைய இரும்பு பீரோவில் பூட்டி வைப்பது என்று மூன்று வழிகள் உண்டு. கை உபகரணங்களுக்குச் சாய்வு ரீப்பர் நல்லது, புதிதாக ஏதாவது சேர்ந்தால் இடம் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சுவர் ஹாலோ பிளாக்காக இருந்தால் சாதாரண பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது. தூண் இருக்கும் இடம் பார்த்து அடிக்க வேண்டும், இல்லையென்றால் தரையில் ஊன்றிய இரும்புச் சட்டத்தில் மாட்ட வேண்டும். மெஷின்களுக்கு என் ஓட்டு பீரோவுக்குத்தான். பழைய சாமான் கடையில் கதவு நன்றாக மூடும் பீரோ ஒன்று வாங்கினால் தூள் போகாது, எலி ஒயரைக் கடிக்காது, பிள்ளைகள் கை வைக்க முடியாது.

தூளும் சத்தமும்

மரத்தூள் வெறும் குப்பை இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட அறிக்கையில் மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் சேர்த்தது. மூக்கின் உட்பகுதியில் வரும் புற்றுநோயோடு அதற்குத் தொடர்பு இருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சீவலைவிட, உப்புத்தாள் தேய்க்கும் சாண்டர் மெஷின் கிளப்பும் மாவு மாதிரியான தூள்தான் நுரையீரல் வரைக்கும் போகும். துண்டைக் கட்டிக்கொண்டால் அதைத் தடுக்க முடியாது. என்95 மாஸ்க் வேண்டும்.

தூளைப் பிடிப்பதில் இரண்டு வகை மெஷின்கள் உண்டு. வாக்கம் கிளீனர் குறுகலான குழாயில் வேகமாக உறிஞ்சும், சாண்டர், ரவுட்டர், சர்க்குலர் சா போன்ற கை மெஷின்களுக்கு அது பொருத்தம். பை வைத்த டஸ்ட் கலெக்டர் 4 இன்ச் குழாயில் நிறையக் காற்றை இழுக்கும், டேபிள் சா, பிளேனர் போடும் சீவலுக்கு அதுதான். நான் சொன்ன மாதிரி சர்க்குலர் சாவை மையமாக வைத்தால் வாக்கம் கிளீனர் ஒன்றே போதும். அதற்கு முன்னால் ஒரு சைக்ளோன் கூம்பை மூடி போட்ட 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டின்மேல் பொருத்திவிடுங்கள். காற்று கூம்புக்குள் சுழல, கனமான தூள் பக்கெட்டில் விழுந்துவிடும், ஃபில்டர் அடிக்கடி அடைக்காது. கொட்டகையில் கதவுக்கு எதிர்ச்சுவரில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் வையுங்கள். அது தூளைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்குள் தள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தத்துக்கும் கணக்கு இருக்கிறது. அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷ் 85 டெசிபலில் 8 மணி நேரம் வரை சரி என்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். சர்க்குலர் சா சாதாரணமாக 100 டெசிபலைத் தொடும், அப்போது 15 நிமிடம்தான். காதுக்கு மஃப் இல்லாமல் ஸ்விட்சைத் தொடாதீர்கள். மூன்று இடங்களில் மாடிதான் சத்தத்தைத் தெரு முழுக்கக் கொண்டுபோகும்.

கரண்ட்

பட்டறைக்கு மெயின் போர்டில் இருந்து தனி லைன் இழுங்கள். 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஒயர், 16 ஆம்ப் பிளக், லோடு கூடினால் அணையும் தனி எம்சிபி, கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி, ஒழுங்கான எர்த். 1,400 வாட் சாவும் 1,200 வாட் வாக்கமும் சேர்ந்து ஓடினால் 230 வோல்ட்டில் 11 ஆம்ப்புக்கு மேல் இழுக்கும். ஹாலில் இருக்கும் 5 ஆம்ப் பிளக்கில் இருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயரில் இதைச் செய்தால் ஒயர் சுடும். கிராமத்தில் பம்ப் செட்டுகள் ஓடும் நேரத்தில் ஏற்கெனவே வோல்டேஜ் இறங்கியிருக்கும், அதில் நீள ஒயர் இன்னும் சில வோல்ட்டைத் தின்றுவிடும். மோட்டார் திணறும், சூடாகும். எக்ஸ்டென்ஷன் பெட்டியைச் சுருட்டியபடியே வைத்து ஓட்டுவதும் கூடாது, முழுவதும் பிரித்துப் போட வேண்டும்.

பேட்டரி மெஷினா, ஒயர் மெஷினா என்பதற்குப் பதில் வேலையைப் பொறுத்தது. டிரில்லும் ஸ்க்ரூ டிரைவரும் பேட்டரியில் இருக்கட்டும், அவை கை நகரும் பக்கமெல்லாம் போக வேண்டியவை. சர்க்குலர் சா ஒயரிலேயே இருக்கட்டும். 18 வோல்ட், 4 ஆம்பியர் அவர் பேட்டரியில் இருப்பது மொத்தம் 72 வாட் அவர். சராசரியாக 700 வாட் இழுக்கும் வேலையில் அது ஆறு நிமிடத்தில் தீர்ந்துவிடும். வெயிலில் கொதிக்கும் ஷெட்டில் பேட்டரியைச் சார்ஜ் போடாதீர்கள், வீட்டுக்குள் எடுத்து வந்து போடுங்கள்.

விளக்கு ஒன்று மட்டும் வேண்டாம். தலைக்குப் பின்னால் ஒரே டியூப் லைட் இருந்தால் உங்கள் நிழல் கோட்டின்மேல் விழும். மின்னித் துடிக்கும் பழைய டியூப் வெளிச்சத்தில் சுற்றும் பிளேடு நிற்பது போலவும் தோன்றலாம். எதிரெதிராக இரண்டு நல்ல எல்ஈடி பட்டை விளக்குகள் போடுங்கள்.

கிரானைட் துண்டும் மர அடுக்கும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. கிரானைட் பாலிஷ் போடும் இடங்களில் ஒன்றரை அடி நீளத் துண்டுகள் மலிவாகக் கிடைக்கும். பாலிஷ் போட்ட அந்த முகத்தைவிடச் சமமான பரப்பு உங்கள் பட்டறையில் வேறு இருக்காது. அதன்மேல் தண்ணீர் தெளித்து 400, 800, 1,200, 2,000 நம்பர் வாட்டர் பேப்பரை வரிசையாக ஒட்டி வையுங்கள். உளியின் பின்பக்கத்தை முதலில் 400-இல் தட்டையாகப் பதித்துத் தேயுங்கள். கீறல்கள் முனைவரைக்கும் ஒரே மாதிரி வரும்வரை விடக் கூடாது. பிறகு சாய்ந்த முகத்தை 25 டிகிரியில் பிடித்து ஒவ்வொரு தாளாக ஏறுங்கள். கடைசித் தாளில் முனை கண்ணாடிபோல் மின்னும்போது, ஒரு தேக்குத் துண்டின் நார் முனையை (குறுக்கே அறுத்த முனையை) உளியால் சீவிப் பாருங்கள். பொடியாகாமல் சுருளாக வந்தால் சரி. எண்ணெய்க்கல்லில் பழகியவர் அதிலேயே தொடரலாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்த வழி எளிது, நடு குழிந்த கல்லோடு போராட வேண்டாம். இந்தக் கல்லுக்கு மேசையில் நிரந்தர இடம் கொடுங்கள். ஒவ்வொரு முறையும் எடுத்து வந்து வைக்க வேண்டியிருந்தால் மழுங்கிய உளியோடுதான் வேலை செய்வீர்கள்.

மரம் அடுக்கும் இடம் மெஷின்களில் இருந்து தள்ளி, கூரைக்கு அடியில், வெயில் படாமல் இருக்க வேண்டும். நம் செம்மண்ணில் கரையான் எங்கிருந்து வரும் என்று தெரியாது. கல் துண்டுகளை அடுக்கித் தரையில் இருந்து ஓரடி உயர்த்தி, சுவரில் ஒட்டாமல் வையுங்கள். பலகைக்குப் பலகை இடையில் ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் குச்சி, அதுவும் ஒன்றன் நேர்க்கீழ் மற்றொன்று. பிளைவுட் மட்டும் நிற்கட்டும், கிட்டத்தட்ட செங்குத்தாக.

பழைய தோப்புகள் வெட்டும்போது மாம்பலகை இங்கே கட்டுப்படியாகும் விலைக்குக் கிடைக்கும். நாற்காலி, ட்ரே, பெட்டி செய்ய அருமையான மரம். ஆனால் அதன் மாவுச்சத்துக்காகத் துளைக்கும் வண்டு வரும். அறுத்த உடனே, ஈரம் இருக்கும்போதே போராக்ஸ், போரிக் ஆசிட் கலந்த கரைசலைப் பூசி, அப்புறம் காயப்போட வேண்டும். இன்ச் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருடம் என்பது காற்றில் காயவைக்கும் பழைய கணக்கு. புளியமரத்தின் வைரம் அழகுதான், பிளேடை வேகமாக மழுக்கிவிடும். அதற்கென்று ஒரு பழைய பிளேடைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். வண்டு அரித்த மாம்பலகை ஒன்றுகூட நல்ல மர அடுக்கின் பக்கத்தில் இருக்கக் கூடாது. பட்டறைக்கு வெளியிலேயே அதைப் பிரித்து வையுங்கள்.

ஓசூரில் வாடகை வீட்டிலோ அடுக்குமாடியிலோ இருப்பவருக்கு இந்த மூன்று இடமும் இல்லை. அவர்கள் அறுக்கும் வேலையையே வீட்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளலாம். அளவு எழுதிக் கொடுத்தால் முழு ஷீட்டை அறுக்கும் பேனல் சா மெஷினில் அறுத்துத் தரும் பிளைவுட் கடைகள் இருக்கின்றன. ஓரப் பட்டை ஒட்டுவதற்கு மிச்சம் விட்டு அளவைக் கொடுங்கள், ஒரு பக்கம் மூலைமட்டம் பார்த்து வாங்குங்கள். வீட்டில் ஒரு ஜிக் சா, பேட்டரி டிரில், வாக்கம் மாட்டிய சாண்டர், நாலைந்து கிளாம்ப், மடக்கும் மேசை ஒன்று. இவ்வளவும் ஒரே பீரோவுக்குள் அடங்கிவிடும்.